வடக்கு வாசல் கேட்ட மனிதர்

செத்து அறுநூறு வருஷமான ஆட்களோடு கோபம் போட்டுக்கொண்டு திரிந்தவர் இந்தச் சிட்னி முழுவதிலும் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் வடக்குவாசலார். மற்றவர்களுக்கு மைத்துனனோடு கோபம், சங்கத் தலைவரோடு கோபம், வேலியைத் தள்ளிப் போட்ட பக்கத்து வீட்டுக்காரனோடு கோபம். இவருக்கோ இங்கிலாந்தின் ஏதோ ஒரு குக்கிராமத்தில் மத்திய காலத்தில் தேவாலயம் கட்டிய மேசன்மாரோடு, அதுதான் கொத்தனார்களோடு, கோபம். இங்கிலாந்துக்கு அவர் போனதே இல்லை. லண்டனில் விமானம்கூட மாறியதில்லை. அந்த மேசன்மாரின் பேரோ ஊரோ தெரியாது. ஆனாலும் தன் தகப்பனின் காணியைத் தின்றவர்களைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் அவர்களைப் பற்றிப் பேசுவார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது. நான் எங்கள் சபைக்குச் செயலாளராக இருந்த காலத்தில் கூட்டக் குறிப்புகளில் அதைப் பலமுறை எழுதியிருக்கிறேன். இங்கே எழுதமாட்டேன். எழுதினால் மெல்பேர்ணிலிருந்து போன் எடுத்து எழுத்துப்பிழை சொல்லுவார். இப்போது ஸ்பிரிங்வேலில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே எந்தக் கட்டடம் அவரிடம் அகப்பட்டு அவதிப்படுகிறதோ தெரியாது.

நார்த்மீட்டுக்குப் பக்கத்தில் எங்கள் கிறிஸ்தவக் கோயில் இருக்கிறது. மணற்கல்லால் கட்டிய மிகச் சின்னக் கோயில். நூறு பேர் வந்தால் இருபது பேர் வெளியே நிற்கவேண்டும்; நல்லவேளை, நூறு பேர் வருவதில்லை. கிழக்கே பீடம். மேற்கே ஒற்றை மணி தொங்கும் சின்னக் கூண்டு. இரண்டு பக்கமும் கையை நுழைத்தால் இறுகிவிடும் அளவுக்கு ஒடுங்கிய கூர் ஜன்னல்கள். சுவர் விழாமல் வெளியே முட்டுக்கொடுத்து நிற்கும் தடித்த கல் முட்டுகள். இந்த நாட்டுக்கு வந்து செழித்த ஒரு வெள்ளைக்காரப் பிரபு, தன் ஊரில் இருந்த மத்திய காலத்துக் கோயிலை அளந்து படம் கீறுவித்து, கப்பலில் கொண்டுவந்து, அச்சொட்டாக இங்கே கட்டுவித்தாராம்.

அச்சொட்டாக என்றால் உண்மையிலேயே அச்சொட்டாக. பிரபுவின் ஊர்க் கோயிலில் பீடப் பகுதி கொஞ்சம் வடக்கே சரிந்திருந்ததாம். இங்கேயும் சரித்துக் கட்டியிருக்கிறார்கள். ஊர்க் கோயிலில் ஒரு பக்க மண்டபத்தில் இருந்தவர்கள் பீடத்தைப் பார்க்கச் சுவரில் சரிவாக ஓர் ஓட்டை வெட்டியிருந்தார்கள். இங்கே பக்க மண்டபமே கிடையாது, ஆனால் ஓட்டை இருக்கிறது. அதற்குள்ளால் பார்த்தால் கரண்ட் மீற்றர் பெட்டி தெரியும். எல்லாவற்றிலும் பெரிய கூத்து வாசல். இங்கிலாந்தில் சூரியன் தெற்கே நின்று காயும், ஆகவே வாசலும் முன்மண்டபமும் தெற்கே வைப்பார்கள். இந்த நாட்டில் சூரியன் வடக்கே நிற்கிறது. படத்தைக் கொண்டுவந்தவர்களுக்குச் சூரியனைக் கொண்டுவர முடியவில்லை. ஆகவே எங்கள் வாசல் வருஷம் முழுவதும் நிழலில், பாசி பிடித்து, ஈரம் கசிந்துகொண்டு இருக்கும்.

வடக்குச் சுவரில் வாசலே இல்லையா என்றால், இருக்கிறது. ஊர்க் கோயிலில் அந்தப் பக்கமும் முன்னொரு காலம் ஒடுங்கிய வாசல் ஒன்று இருந்து, பிறகு யாரோ கல்வைத்து அடைத்துவிட்டார்கள். படம் கீறியவர் அடைத்தபடியே கீறினார். கட்டியவர்கள் அடைத்தபடியே கட்டினார்கள். ஒருநாளும் திறந்திராத ஒரு வாசலை, வளைவும் படியும் வைத்து, அடைத்தபடியே கட்டிய புத்திசாலிகளை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

"பிழையைக்கூடப் பிழை இல்லாமல் அளந்து கொண்டந்திருக்கிறாங்கள் காணும்" என்பார் வடக்குவாசலார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கடை சனம்தான் சங்கங்களை அப்பிடிக் கொண்டந்தது எண்டு நினைச்சனான்" என்பார்.

இதிலே வேடிக்கை, அவர் எங்கள் சபைக்காரரே இல்லை. பழுத்த சைவர். நெற்றியில் மூன்று குறி இல்லாமல் குப்பை வாளியைக்கூட வெளியே தள்ளமாட்டார். யாழ்ப்பாணத்தில் கட்டடத் திணைக்களத்தில் படம் கீறினவர். இங்கே வந்து வெஸ்ட்மீட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளி ஓய்வுபெற்றார். அவருடைய மனைவி அற்புதம் அக்கா எங்கள் ஆள். ஞாயிறு இரண்டு மணிக்கு அக்காவைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மூன்றரை மணிவரை வெளியே நிற்பார். உள்ளே வரமாட்டார். பன்னிரண்டு வருஷம், ஞாயிறு தவறாமல், ஒன்றரை மணித்தியாலம் ஒரு படவரைஞரைச் சும்மா நிற்கவிட்டால் என்ன நடக்கும்? அளந்தார்.

எனக்கு அவர் அறிமுகமானதே அப்படித்தான். நான் புதிதாகச் சபையில் சேர்ந்த முதல் ஞாயிறு. பிந்தி ஓடிவந்தேன். வாசலில் ஒருவர் மறித்து, அளவு நாடாவின் நுனியை என் கையில் திணித்தார்.

"இதைப் பிடியும் காணும்."

"நான் ஆராதனைக்கு வந்தனான் அண்ணை."

"ஆராதனை ஓடிப்போகாது. சுவர்தான் ஓடுது. பிடியும்."

இரண்டு ஞானப்பாட்டும் பாவ அறிக்கையும் முடியும்வரை நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில், "ஒன்பது அங்குலம். பாத்தீரோ, ஒன்பது அங்குலம் சரிச்சுப் போட்டாங்கள் நாசமறுவாங்கள்" என்றார். யாரைத் திட்டுகிறார் என்று கேட்டேன். "அறுநூறு வருஷத்துக்கு முந்தி செத்துப்போனவங்கள். உமக்குத் தெரியாது" என்றார், தனக்குத் தெரிந்தவர்கள் போல.

கோயிலில் பழைய சாமான் விற்ற மேசையில் அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று வாங்கியிருந்தார். இங்கிலாந்துக் கிராமக் கோயில்களைப் பற்றியது. அதுதான் அவருக்குப் பாடப்புத்தகம், பஞ்சாங்கம், எல்லாம். அதிலே படித்துப் படித்து, காலை ஆராதனைக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கே வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டார். மாகரெற் என்று எண்பது தாண்டிய மனுஷி ஒருவர் வருஷத்துக்கு ஒருநாள் கோயிலைச் சுற்றிக் காட்டுவார். சரிந்த பீடப் பகுதியைக் காட்டி, சிலுவையில் இயேசுவின் தலை சாய்ந்ததைக் குறிக்கத்தான் அப்படிக் கட்டினார்கள் என்று அவர் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்க, பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நோ மேடம். மேசன் வோஸ் ட்றங்க்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. திருநீறும் தேத்தண்ணிப் போத்தலுமாக வடக்குவாசலார். மாகரெற்றுக்குச் சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் பிடித்தது. அடுத்த வருஷத்திலிருந்து அவர் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். சுற்றிக் காட்டியது இவர். அடைத்த வாசலடிக்கு வந்ததும் சுவரில் தட்டி, "திஸ் டோர் இஸ் அ லை" என்று ஆரம்பிப்பார்.

அந்த வாசலுக்கு மாகரெற்றிடம் ஒரு கதை இருந்தது. முற்காலத்தில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது வடக்கு வாசலைத் திறந்து வைப்பார்களாம், பிள்ளையை விட்டுக் கிளம்பும் பிசாசு அதாலே வெளியே போகட்டும் என்று. இதைக் கேட்ட நாளிலிருந்து வடக்குவாசலாருக்கு வாய் நிற்கவில்லை.

"அடைக்க முந்திப் போன பிசாசு வெளியிலை. போகாமல் நிண்டதெல்லாம் உள்ளுக்கை. உங்கடை கொமிற்றியிலை இருக்கு."

நான் அந்தக் கொமிற்றியின் செயலாளர். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வாசல் அவருக்கு வெறும் விசர்ப் பிடிவாதம் அல்ல. அதை முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். அற்புதம் அக்காவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது, வாதம். அக்கா இருப்பது வடக்குச் சுவரோரம் நாலாவது வாங்கு, பெஞ்சுதான், அடைத்த வாசலுக்குச் சற்றுக் கிழக்கே. இங்கே குளிர்காலமான யூலை மாதம் அந்த வாங்கில் ஒரு மணித்தியாலம் இருந்தால் இளந்தாரிக்கே எலும்பு நடுங்கும். வேறிடத்தில் இருக்கலாமே என்பீர்கள். எங்கள் சபையில் வாங்கு மாறுவது வீடு மாறுவதைவிடப் பெரிய காரியம். அக்கா மாறமாட்டா. அவ மாறாவிட்டால் சுவர் மாறட்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. வாசலை அடைத்த நாலு அங்குலக் கல்லை எடுத்துவிட்டால் பின்னேரம் இரண்டரைக்கு வெயில் நேரே உள்ளே விழும். மாதத்துக்கு மாதம் வெயில் விழும் கோட்டை ஒரு பெரிய தாளில் கீறி வைத்திருந்தார். எல்லாக் கோடும் வந்து முடியும் இடத்தில் சின்ன வட்டம் ஒன்று. வட்டத்துக்குள் 'முழங்கால்' என்று எழுதியிருந்தது.

அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு வருஷாந்தக் கூட்டத்துக்கு வருவார். சபைக்காரர் அல்லாதவர் கடைசியில் 'வேறு விடயங்கள்' என்ற இடத்தில் மட்டும் வாய் திறக்கலாம். அது ரோல்ஸும் தேத்தண்ணியும் வருகிற நேரம். எல்லாரும் கதவைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் கதவைப் பற்றிப் பேசுவார்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த ஜெபராஜ் என்ற பொடியன் ஒருமுறை நல்லெண்ணத்தோடுதான் கேட்டான்: "வடக்கு வாசல்னா, சொர்க்கவாசல் மாதிரியா அங்கிள்? பெருமாள் கோயில்ல திறப்பாங்களே."

"சொர்க்கத்துக்குப் போறது பிறகு. இப்ப வெயிலுக்கு வழி விடுங்கோ" என்றார்.

எங்கள் தலைவர் பல் வைத்தியர். வெள்ளையாகவும் மினுக்கமாகவும் இருப்பதெல்லாம் சுகமானது என்பது அவருடைய கொள்கை. ரோல்ஸைக் கடித்தபடி என் பக்கம் குனிந்து, ஆனால் எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, "ஒரு சைவக்காரர் வந்து எங்கடை கோயிலுக்கு வாசல் காட்டவேணுமோ?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அக்கா மடியில் இருந்த கைப்பையைத் திறந்து எதையோ தேடினா. நான் குறிப்புப் புத்தகத்தில், 'வடக்கு வாசல் தொடர்பான வேண்டுகோள் கவனத்தில் எடுக்கப்பட்டது' என்று எழுதினேன். அடுத்த வருஷமும் அதையே எழுதினேன். அதற்கடுத்த வருஷம் கையால்கூட எழுதவில்லை. கணினியில் பழையதை எடுத்து ஒட்டினேன்.

இதற்கிடையில் வெள்ளைக்காரரின் காலைச் சபை தேய்ந்து ஐந்து பேரும் ஒரு நாயும் என்றானது. மாகரெற்றும் போய்ச் சேர்ந்தார். கட்டடத்தைப் பராமரிக்கும் பொறுப்பு எங்கள் தலையில் வந்தது. உடனே எங்கள் ஆட்களுக்கு வருகிற வியாதி வந்தது: சிரமதானம், எல்லாரும் கூடி இலவசமாக உழைக்கிற ஆசை. தலைவர் வீட்டுக் குளியலறை புதுப்பித்ததில் ஒன்பது பெட்டி டைல்ஸ் மிச்சம். பால் நிறம், முகம் பார்க்கலாம். பாசி பிடித்த தெற்கு முன்மண்டபத்துத் தரையில் அதைப் பதித்துவிட்டால் கோயில் பளிச்சென்று இருக்கும் என்றார். ஒருவரும் மறுக்கவில்லை. மறுத்தால் சனிக்கிழமை வரத் தேவையில்லை என்று தெரிந்தவர்கள்கூட மறுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை இருபது பேர் வந்தோம். மூன்று பேர் வேலை செய்தோம். மற்றவர்கள் அந்த மூன்று பேருக்கும் எப்படிச் செய்வது என்று சொன்னார்கள். அக்கா வடைத் தட்டத்தோடு நின்றா. வடக்குவாசலார் காரிலிருந்து இறங்கி வந்து, டைல்ஸ் பெட்டி அடுக்கின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"எழும்பமாட்டன். நீங்கள் மூடப்போற கல்லு மழைத்தண்ணியைக் குடிக்கும். காலுக்குப் பிடி குடுக்கும். உது இரண்டும் செய்யாது. உது குளிக்கிற அறைக்கு. இது கிழடுகள் நடக்கிற வாசல்."

"அண்ணை, இதுக்கு வழுக்காத மருந்து ஒண்டு பூசலாம்" என்றேன்.

"பூசுவியளோ?"

நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். குழைத்த சீமெந்து இறுகிக்கொண்டிருந்தது. "செக்கிறட்டறி, உங்கடை ஆளைக் கொஞ்சம் பாருங்கோ" என்றார் தலைவர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமும் களைப்பும் பசியும். அப்போது நான் சொன்னதை இத்தனை வருஷம் கழித்தும் ஒரு சொல் மாறாமல் சொல்ல முடியும்.

"அண்ணை, எழும்புங்கோ. நீங்கள் சபை ஆள் இல்லை. உங்களுக்கு இஞ்சை வாக்கு இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். வாய்நிறையத் திட்டியிருந்தால் இன்னும் நல்லது. "சரி. செக்கிறட்டறி சொன்னால் சரி" என்று எழும்பி, காற்சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டி, போத்தலை எடுத்துக்கொண்டு காருக்குப் போனார். அக்கா வடைத் தட்டத்தை மதிலில் வைத்துவிட்டு அவருக்குப் பின்னால் நொண்டி நொண்டிப் போனா. நாங்கள் டைல்ஸ் பதித்தோம். படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டோம். நாற்பத்தேழு பேர் கைகூப்பினார்கள். வழுக்காத மருந்து பூசவில்லை.

அதற்குப் பிறகும் ஞாயிறுகளில் வந்தார். அக்காவை முன்மண்டபம்வரை கையைப் பிடித்துக் கூட்டிவந்து, உள்வாசலில் விட்டுவிட்டுப் போவார். என்னோடு கதைப்பார், ஆனால் வானிலை மட்டும்தான். நாடாவின் நுனியைப் பிடிக்கச் சொல்லவில்லை. எனக்கு அது குறைந்ததில் நிம்மதி என்றுதான் நினைத்தேன். நிம்மதி இருக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, விடாத மழை. ஆராதனை முடிந்து வெளியே வந்த அக்கா, மழைக்குள் குடை கொண்டு ஓடிவரும் புருஷனைக் கண்டு, பொறுக்காமல் ஓரடி தானாக வைத்தா. அந்த ஓரடிதான், டைல்ஸில் வழுக்கி விழுந்தா. நான் பின்னால் நின்றேன். முறிந்தது இடுப்பு எலும்பு.

வடக்குவாசலார் ஓடிவந்து, தன் கோட்டைக் கழற்றி அக்காவின் தலைக்குக் கீழே வைத்து, ஈரத்தில் முழந்தாளிட்டு இருந்தார். செத்த மேசன்மாரைத் திட்டவில்லை. உயிரோடு சுற்றி நின்ற மேசன்மாரான எங்களையும் திட்டவில்லை. அம்புலன்ஸ் வரும்வரை அக்காவின் கையை விடவில்லை. தலைவரோ, "மழை நேரம் கவனமாக நடந்திருக்கலாம்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி நடந்ததைக் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை அவசரக் கூட்டம். யாரும் அக்காவின் இடுப்பைப் பற்றிப் பேசவில்லை. காப்புறுதியைப் பற்றி, இன்சூரன்ஸ்காரன் என்ன சொல்லுவான் என்று பேசினார்கள். தெற்கு வாசலைச் சங்கிலி போட்டு மூடுவது என்று தீர்மானித்தோம். மூடினால் எதாலே உள்ளே போவது? பிறகு தலைவர் தொண்டையைச் செருமினார்.

"எனக்கொரு யோசனை. வடக்குப் பக்கம் ஒரு வாசல் திறந்தால் என்ன?"

அருமை என்றார் பொருளாளர். ஜெபராஜ் மட்டும் வாயைத் திறந்தான்: "சார், இது அந்த அங்கிள் வருஷா வருஷம்..." என்று தொடங்கியவன், என்னைப் பார்த்தான். நான் எழுதிக்கொண்டிருந்தேன். 'வடக்கு வாசலைத் திறக்கும் தலைவரின் யோசனை ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.' இதே கையால் எழுதினேன். அது போதாதென்று, அவர் முன்பொருநாள் என்னிடம் தந்திருந்த அந்தப் பெரிய தாளின் பிரதியையும் எடுத்துக் கட்டடக்காரருக்குக் கொடுத்தேன். கட்டடக்காரர் தட்டிப் பார்த்துவிட்டு, நாலு அங்குலக் கல்தான், ஒருநாள் வேலை என்றார். பன்னிரண்டு வருஷம் 'கவனத்தில்' கிடந்த வாசல், அனுமதியும் எடுத்து மூன்று மாதத்தில் திறந்துவிட்டது. பக்கத்தில் பித்தளைத் தகடு ஒன்றும் அடித்தார்கள்: 'இவ்வாசல் தலைவர் அவர்களின் அயராத முயற்சியால் திறக்கப்பட்டது.' தகட்டில் இடம் போதாமல் போகுமோ என்று கவலைப்பட்டார்கள். போதுமாக இருந்தது, வேறு பெயர் ஒன்றும் போடவேண்டி இருக்கவில்லையே.

யூலைக் கடைசியில் திறப்புவிழா ஞாயிறு. அக்காவை அழைக்க நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். இருபது நிமிஷம் கதிரை நுனியில் இருந்து, "ஞாயிறு இரண்டு மணிக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வருவார்கள் என்று நினைக்கவில்லை. வந்தார்கள். அக்காவைச் சக்கர நாற்காலியில் இருத்தி, புல்லுக்குள்ளால் தள்ளிக்கொண்டு வடக்குப் பக்கம் வந்தார். நல்ல குளிர், ஆனால் அந்தப் பக்கம் முழுக்க வெயில். சிவப்பு நாடா வெட்டி, கைதட்டி, எல்லாரும் உள்ளே போய் முடிந்திருந்தது. நான் மட்டும் வாசலில் நின்றேன்.

நாற்காலியை வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தினார். அளவு நாடா எடுக்கவில்லை. கண்ணால் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"கல்லுக்குக் கல்லு இருபத்தெட்டு அங்குலம். நிலை போட்டு இருபத்தினாலு. கதிரை இருபத்தாறு."

இரண்டு அங்குலம் போதவில்லை; சக்கர நாற்காலி நுழையாது. பழைய வாசலின் அகலம் மாறக்கூடாது என்று அனுமதியில் இருந்தது. அதற்குள் தேக்கு நிலை வேண்டும் என்றது தலைவர். எத்தனை பேர் கூடினோம், எத்தனை தேத்தண்ணி குடித்தோம். யாருடைய இடுப்பு முறிந்து இந்த வாசல் திறந்ததோ, அவ நுழைவாவோ என்று ஒருவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தலைவர் எட்டிப் பார்த்தார். "நாலு பேர் பிடிச்சால் தூக்கிக்கொண்டு வரலாம்" என்றார்.

"என்னைப் பெட்டி தூக்கிற மாதிரித் தூக்க வேண்டாம்" என்றா அக்கா. "அதுக்கு நாள் கிடக்கு. நான் இதிலை இருந்தே கேக்கிறன்."

தலைவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். உள்ளே முதல் பாட்டுத் தொடங்கியது. வடக்குவாசலார் நாற்காலியை வெயில் பார்க்கத் திருப்பி, சால்வையை அக்காவின் தோளில் சரிசெய்தார். நான் ஒருவழியாக வாயைத் திறந்தேன்.

"அண்ணை, அண்டைக்கு நான் அந்தச் சொல்லு..."

"அந்தத் தகட்டிலை கீழ்ப்பக்க ஸ்குறூ இறுக்கேல்லை, செக்கிறட்டறி" என்றார். "ஆரும் போறவையின்ரை தலையிலை விழப்போகுது."

உள்ளே போய்ப் பின்வரிசை வாங்கில் இருந்தேன். வாசல் திறந்து கிடந்ததால் அவர்கள் பேசுவது எனக்குக் கேட்டது.

"நீங்கள் உள்ளுக்குப் போங்கோ" என்றா அக்கா.

"நானோ? நான் சைவன்."

"உங்களைக் கும்பிடச் சொல்லேல்லை. என்ரை வாங்கிலை வெயில் விழுகுதோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

பிறகு வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, எங்கள் கோயிலுக்குள் முதல்முறையாக ஆராதனை நேரத்தில் வந்தார். சப்பாத்தோடு இருந்த நாங்கள் எல்லாரும் எங்கள் கால்களைப் பார்த்தோம். நாலாவது வாங்கு காலியாக இருந்தது. சுவரோரம் போய் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்தார். போதகர் பிரசங்கம் தொடங்கியிருந்தார். தலைவரின் முயற்சியைப் பாராட்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். மணி இரண்டரை. கூப்பிட்டு வைத்தாற்போல வெயில் வாசலாலே வந்து, தரையில் நீண்டு, வாங்கில் ஏறியது.

"அற்புதம்" என்று சத்தமாகக் கூப்பிட்டார். "முழங்காலிலைதான் விழுகுது. சரியா முழங்காலிலை."

போதகர் நிறுத்திவிட்டார். வெளியிலிருந்து பதில் வந்தது.

"எனக்கும் இஞ்சை விழுகுது. பேசாமல் இருங்கோ, பிரசங்கம் நடக்குது."

பேசாமல் இருந்தார். போதகர் விட்ட இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை. எழும்பி, எல்லாரும் பார்க்க நடுவால் நடந்து, நாலாவது வாங்கடியில் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். வெயில் படுகிற பக்கத்தை எனக்கு விட்டுத் தள்ளி இருந்தார்.